டர்பனில் சொந்தமாகப் புத்தகம் போடுவது: ஐஎஸ்பிஎன் முதல் கடை அலமாரி வரை

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு 74 வயது. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த டர்பன் மேகசின் பாரக்ஸில் கழிந்த தன் சிறுவயதை மூன்று தடித்த நோட்டுகளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். அவருடைய அம்மா பாடிய தாலாட்டுகள் மட்டும் அதில் இல்லை. தமிழ் அவருக்குப் பாட வரும், எழுத வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பாடப் பாட நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அப்படித்தான் அந்தப் புத்தகத்தில் எனக்கும் பங்கு வந்தது.

புத்தகம் கைக்கு வர 14 மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஏழு மாதத்தில் முடிந்திருக்கும், 18,000 ராண்டும் மிஞ்சியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் முதல்முறையாகப் புத்தகம் போட நினைப்பவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தொகைகள் எங்களுக்கு ஆனவை. உங்கள் புத்தகத்தின் பக்கங்களைப் பொறுத்து அவை மாறும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. பதிப்பகமா, சொந்த வெளியீடா?

எடுத்த எடுப்பில் சொந்த வெளியீட்டுக்குப் போக வேண்டாம். இங்கே நல்ல பதிப்பகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ருசி உண்டு. கவிதை என்றால் ஊலாங்கா. தென்னாப்பிரிக்க, அண்டை நாட்டுப் பெண்களின் எழுத்துக்கு மொஜாஜி. கறுப்பினப் புதுக்குரல்களுக்கு பிளாக்பேர்ட். அரசியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு என்றால் ஜக்கானா. நாவலுக்கு க்வேலாவும் உமூசியும். அவர்கள் போட்ட புத்தகங்களில் இரண்டையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். கைப்பிரதி வாங்கும் காலம் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் வேறு. சில மாதங்களில் கதவு சாத்தியே இருக்கும். இணையதளத்தில் பார்த்து, அவர்கள் கேட்கும் அளவில் மட்டும் அனுப்புங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று அத்தியாயம், ஒரு பக்கச் சுருக்கம், உங்களைப் பற்றி ஒரு பத்தி, அவ்வளவுதான்.

பதில் வர மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகலாம். நாங்கள் மூன்று இடத்துக்கு அனுப்பினோம். ஒருவர் மட்டும் அன்பாக, காரணம் சொல்லி மறுத்தார். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரில் இருப்பார்கள், நாடு முழுக்க விற்பது கடினம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம்தான் எங்களுக்கு வழி காட்டியது. வாங்குபவர்கள் ஒரே ஊரில் இருந்தால் நாமே கொண்டுபோய் விற்கலாமே!

சொந்த வெளியீடு என்றால் இரண்டாம் தரம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. டுடு புசானி டூபே தன் நாவல்களைத் தானே வெளியிட்டு, தானே சுமந்து விற்று வாசகர்களைச் சேர்த்தவர். 2021இல் அந்த நாவல்கள் ஷோமேக்ஸ் என்ற இணையத் திரைத்தளத்தில் தொடராகவே வந்தன.

2. பணம் கட்டச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இது. முகநூலில் ஒரு விளம்பரம். எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் உலக அடையாள எண்), காப்புரிமைப் பதிவு, உலகளாவிய விநியோகம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பாதிப் பணம் முன்பணம். ஆன்ட்டி தன் சேமிப்பிலிருந்து 18,000 ராண்ட் கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. எல்லா மொழி உரிமையும், மின்னூல் உரிமையும், படமாக்கும் உரிமையும் அந்த நிறுவனத்துக்கு. ஆசிரியருக்கு 30 பிரதி. அதற்கு மேல் வேண்டுமானால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்க வேண்டும். நாங்கள் விலகிக்கொண்டோம். முன்பணம் திரும்ப வரவில்லை.

அந்தப் பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணமே கிடையாது. தென்னாப்பிரிக்க தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அதற்குக் காசு கேட்பவர் இலவசப் பொருளை உங்களிடம் விற்கிறார்.

புத்தகத்துக்குக் காப்புரிமைப் பதிவு என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதி முடித்த உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு நீடிக்கும். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பெயரும் ஆண்டும் போட்டால் போதும்.

உலகளாவிய விநியோகம் என்பது பெரும்பாலும் அமேசானில் ஏற்றிவிடுவது. அதை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். அங்கே இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை மட்டும் எடுக்காதீர்கள். அந்த எண்ணை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது.

சரி, யாரை நம்புவது? எடிட்டருக்குத் தனியாக, அட்டைக்குத் தனியாக, அச்சகத்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனி ரசீது வாங்குங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்து தருகிறேன் என்றால், உரிமை பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

3. அனுமதிக் கடிதங்கள்

கைப்பிரதி எடிட்டிங்குக்குப் போகும் முன்பே இதை முடியுங்கள். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு பக்கத்தை எடுக்க நேர்ந்தால் பக்க எண்கள் எல்லாம் மாறிவிடும், வடிவமைப்பாளருக்கு மறுபடியும் காசு.

ஆன்ட்டி தன் அக்காவின் கல்யாணத்தைச் சொல்லும் இடத்தில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் நான்கு வரியை எழுதியிருந்தார். பாட்டு வரி நான்கானாலும் உரிமை உரிமைதான். யாரிடம் கேட்பது என்று இரண்டு மாதம் சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். பிறகு அந்த வரிகளை எடுத்துவிட்டு, மணமேடையில் அன்றைக்கு அந்தப் பாட்டு ஒலித்தது என்று மட்டும் எழுதினோம். அவருடைய அம்மாவின் தாலாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

புகைப்படங்களும் அப்படித்தான். வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. ஸ்டூடியோவில் எடுத்த பழைய படத்தின் பின்புறம் எடுத்தவரின் முத்திரை இருக்கும், திருப்பிப் பாருங்கள். நூலகம், ஆவணக் காப்பகம் எதிலிருந்து படம் எடுத்தாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, படத்தின் அடியில் என்ன போட வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கசப்பாக ஏதாவது எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களை அவர்களிடமே படிக்கக் கொடுங்கள். ஆன்ட்டி தன் மைத்துனரிடம் ஐந்து பக்கத்தை நீட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் படித்து முடித்து, ஒரு தேதியைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

4. எடிட்டிங்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கு இங்கேதான் போக வேண்டும். எங்களுடையது 42,000 சொல். ஒரு சொல்லுக்கு 40 சென்ட் வீதம் 16,800 ராண்ட். ஆறு வாரம் எடுத்தது. எடிட்டர்களுக்கு என்று ஒரு தொழில்முறைச் சங்கம் இங்கே இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலில் பார்த்து மூன்று பேருக்கு எழுதுங்கள். ஐந்து பக்கம் மாதிரி திருத்தித் தரச் சொல்லுங்கள். பலர் அதை இலவசமாகவே செய்வார்கள்.

மாதிரியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டர்பன் இந்தியர்களின் ஆங்கிலத்துக்கென்று ஒரு நடை இருக்கிறது. பேச்சின் நடுவே தமிழும் ஜூலுவும் வரும். எங்களுக்கு மாதிரி அனுப்பிய முதல் எடிட்டர், ஆன்ட்டியின் அம்மா பேசும் வரிகளை எல்லாம் பள்ளிக்கூட ஆங்கிலமாக மாற்றிவிட்டார். இலக்கணம் சரி, ஆனால் அந்த அம்மா செத்துப்போய்விட்டார். இரண்டாமவர் ஒரு சொல்லையும் மாற்றாமல், ஓரத்தில் "இது யார் பேசுவது, சமையலறையிலா வாசலிலா?" என்று கேட்டிருந்தார். வேலையை அவரிடம் கொடுத்தோம். எழுத்தாளர் ரோனி கோவெண்டர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதி மனிதர்களை அவர்கள் பேசுகிறபடியே பேசவைத்த ஊர் இது. அந்தக் காதுள்ள ஆள் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

5. ஐஎஸ்பிஎன் வாங்குவது

பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய நூலகத்தின் ஐஎஸ்பிஎன் பிரிவுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம். தலைப்பு, ஆசிரியர் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி, தாள் அட்டையா கெட்டி அட்டையா மின்னூலா, எந்த மாதம் வெளியாகும் என்ற விவரங்களைத் தயாராக வைத்திருங்கள். எங்களுக்கு நான்கு வேலைநாளில் எண் வந்தது. விடுமுறைக் காலத்தில் அனுப்பினால் கூடுதலாக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் கேட்கும் கேள்வி: கம்பெனி தொடங்க வேண்டுமா? வேண்டாம். ஆசிரியரே தன் பெயரில் வெளியிடலாம். ஆன்ட்டி அப்படித்தான் செய்தார். வருமானத்தைத் தன் வரிக்கணக்கில் காட்டினால் போதும். நீங்கள் வேலை விசாவில் இருப்பவர் என்றால், உங்கள் பெயரில் விற்பனை செய்யலாமா என்பதை விசா நிபந்தனையில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்னும் சில விஷயம். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் வேண்டும். தாள் புத்தகத்தின் எண்ணை மின்னூலுக்குப் போடக் கூடாது. அப்படியே மறுஅச்சு செய்தால் பழைய எண் போதும். அத்தியாயம் சேர்த்துப் புதுப் பதிப்பு போட்டால் புது எண். ஐஎஸ்பிஎன் வேறு, பார்கோடு வேறு. எண்ணைக் கொடுத்தால் அட்டை செய்பவரே பார்கோடு செய்து வைத்துவிடுவார். அட்டையில் விலை அச்சடிக்க வேண்டாம். நம் ஊர்ப் பழக்கத்தில் நான் போடச் சொன்னேன், வடிவமைப்பாளர் தடுத்துவிட்டார். அதனால்தான் பிறகு விலையை மாற்ற முடிந்தது.

6. பக்கம், அட்டை, மெய்ப்பு

184 பக்கம், பக்கத்துக்கு 25 ராண்ட் வீதம் 4,600. அட்டை 3,500. இரண்டும் சேர்த்து ஒரு மாதம்.

தமிழ் எழுத்து கலந்த புத்தகம் என்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். இங்குள்ள வடிவமைப்பாளர்களுக்குத் தமிழ் தெரியாது, மென்பொருளும் தவறைக் காட்டிக்கொடுக்காது. எங்கள் முதல் மெய்ப்பில் தாலாட்டு வந்த பக்கத்தைத் திருப்பினால் "கண்ணே" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஒற்றைக் கொம்பு எல்லாம் தனித்தனியாக, வேர் பிடுங்கிய செடி மாதிரி. ஆன்ட்டி அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாதே. அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் அப்படியே 200 பிரதி அச்சாகியிருக்கும்.

தீர்வு எளிது. யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்கச் சொல்லுங்கள். பிறகு தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், திரையில் அல்ல, தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

அட்டையில் நேர்ந்தது வேறு. புத்தகத்தின் முதுகு 9 மில்லிமீட்டர் என்று நாங்களாகவே கணக்குப் போட்டோம். அச்சகம் தந்த தாள் கனமானது, 12 வந்தது. முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைப் பக்கம் சரிந்தது. அச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, தாளைத் தொட்டுப் பார்த்து, முதுகின் அகலத்தை அவர்களிடமே எழுதி வாங்கிய பிறகுதான் அட்டை வேலையை முடிக்க வேண்டும்.

மாதிரிப் பிரதி ஒன்றைக் காசு கொடுத்தாவது அச்சடித்து வாங்குங்கள். அதைப் பார்க்காமல் மொத்த அச்சுக்கு ஒப்புதல் தராதீர்கள்.

7. அச்சும் விலையும்: கணக்கைக் கவனமாகப் போடுங்கள்

200 பிரதி, ஒன்றுக்கு 78 ராண்ட், மொத்தம் 15,600. மூன்று அச்சகத்தில் விலை கேட்டோம். தாள், பைண்டிங், அட்டையின் மேல்பூச்சு ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும். கேட்கும்போதே வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்த விலையா என்று கேளுங்கள். வாட் 15 சதவீதம். சேர்க்காமல் சொல்லும் விலை மலிவாகத்தான் தெரியும்.

ஆக எங்கள் செலவு: எடிட்டிங் 16,800, பக்க வடிவமைப்பு 4,600, அட்டை 3,500, அச்சு 15,600. மொத்தம் 40,500 ராண்ட். தொலைத்த 18,000 இதில் இல்லை.

விலை 220 என்று வைத்தோம். நம் ஆட்கள் வாங்க வேண்டுமே என்ற எண்ணம். இப்போது கடைக் கணக்கைப் பாருங்கள். இந்த நாட்டில் புத்தகத்துக்கும் வாட் உண்டு. நீங்கள் வாட் பதிவு செய்யாதவராக இருக்கலாம், ஆனால் கடை செய்திருக்கும். எனவே கடை 220க்கு விற்றால் அதில் வாட் போக 191 ராண்ட் 30 சென்ட்தான் மிச்சம். கடைக்கழிவை அதிலிருந்துதான் கணக்கிடுவார்கள். 40 சதவீதம் கழிவு என்றால் உங்கள் கைக்கு வருவது 114 ராண்ட் 78 சென்ட். அச்சுக் கூலி 78 போனால் 36 ராண்ட் 78 சென்ட்.

விநியோகஸ்தர் வழியாகப் போனால் கடைக்கும் அவருக்கும் சேர்த்து 60 சதவீதம் கேட்பார். அப்போது கைக்கு வருவது 76 ராண்ட் 52 சென்ட். அச்சுக் கூலியைவிடக் குறைவு! ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் ஒன்றரை ராண்ட் கைப்பணம் போகும். ஆன்ட்டியின் சாப்பாட்டு மேசையில் மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடைகளில் உள்ளூர்ப் பேப்பர்பேக் புத்தகங்கள் 300 ராண்டை ஒட்டி விற்கின்றன. இரண்டாம் அச்சில் நாங்கள் 280 ஆக்கினோம். 40 சதவீதக் கழிவு போனாலும் 146 ராண்ட் வருகிறது. விலை ஏறியதால் வாங்காமல் போனவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. முதல் அச்சிலேயே விலையைச் சரியாக வையுங்கள், அச்சுக் கூலியைப் போல மூன்றரை மடங்காவது.

எத்தனை பிரதி? முதலில் 200 போதும். 500 அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வார், அது உண்மையும்தான். ஆனால் டர்பனின் ஈரக்காற்றில் கராஜில் வைத்த பெட்டிகள் ஒரே கோடையில் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் அச்சடித்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். இவ்வளவு குறைந்த பிரதிக்குக் கட்டுப்படியாகாது; சரக்குக் கூலியும் இறக்குமதி வாட்டும் சேர்ந்துவிடும்.

8. ஐந்து பிரதிகளை ஒப்படைப்பது

1997ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டப்படி, வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குத் தர வேண்டும். கேப் டவுனில் இருக்கும் தேசிய நூலகம், பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய நூலகம், கேப் டவுன் நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபான்டைனின் மங்காவுங் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முசுன்டூசி நூலகம். வெளியான 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பணம் தரமாட்டார்கள், அனுப்பும் செலவும் நம்முடையது. மிகக் குறைவாக அச்சடிப்பவர்களுக்குச் சலுகை உண்டு. ஐஎஸ்பிஎன் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறக்காதீர்கள். நான்கு பிரதியைக் கூரியரில் அனுப்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான், அதனால் ஐந்தாவதை நேரில் கொண்டுபோனோம். அந்த நூலகத்துக்கு பெஸ்ஸி ஹெட் பெயர் வைத்திருக்கிறார்கள். 1937இல் அதே ஊரில் பிறந்து, போட்ஸ்வானாவின் செரோவேயில் போய் வாழ்ந்து எழுதியவர். வாசலில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, ஆன்ட்டி புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, புடவைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து மேசையில் வைத்தார். ரசீது வாங்கிக்கொண்டோம். நீங்களும் ரசீதையும் கூரியர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

9. கடையில் வைப்பது

தனிக்கடைகளில் தொடங்குங்கள். டர்பனில் ஃப்ளோரிடா சாலையில் ஐக்ஸ். சுவரெல்லாம் எழுத்தாளர்களின் கையெழுத்து; அந்தக் கடைக்குள் போனாலே எழுதுகிறவருக்குத் தெம்பு வரும். ஆடம்ஸும் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் என்றால் மெல்வில்லில் லவ் புக்ஸ், கேப் டவுனில் புக் லவுஞ்ச். லாங் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கிளார்க்ஸ் கடையைத் தவறவிடாதீர்கள். அவர்கள் தென்னாப்பிரிக்க, அண்டை நாட்டு நூல்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்புகிறவர்கள். ஒரு மாதிரி பக்கமும் அட்டைப்படமும் விலையும் சேர்த்து அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

புதியவர்களிடம் கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகு பணம் என்ற முறையில்தான் வாங்கும். ஐந்து பிரதி கொடுங்கள், பத்து வேண்டாம். கொண்டுபோக வேண்டியவை: இரண்டு படியாக எழுதிய ஒப்படைப்புச் சீட்டு, கழிவு எத்தனை சதவீதம் என்பது எழுத்தில், வங்கிக் கணக்கை உறுதிசெய்யும் கடிதம், எண் போட்ட விலைச்சீட்டு. 90 நாள் என்று நாள்காட்டியில் குறித்துக்கொண்டு நீங்களே போய்க் கேளுங்கள், அவர்கள் கூப்பிடமாட்டார்கள். ஒரு கடையில் சீட்டு இல்லாமல் ஐந்து பிரதி கொடுத்தேன். மேலாளர் மாறினார். ஐந்தும் போனது போனதுதான்.

காலையில், வாரநாளில் போங்கள். சனிக்கிழமை கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது.

10. எப்போது வெளியிடுவது

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அச்சகங்கள் மூடிவிடும். அதற்கு முந்தைய மாதங்களில் பள்ளிப் புத்தக வேலை குவிந்திருக்கும். எனவே ஜூலை முடிவதற்குள் கோப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டால் செப்டம்பர் 24 பாரம்பரிய நாளைப் பிடிக்கலாம். எங்களைப் போன்ற புத்தகத்துக்கு நவம்பர் 16 இன்னும் பொருத்தம். 1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் டர்பனுக்கு வந்த நாள் அது, ஊர் முழுக்கக் கூட்டங்கள் நடக்கும்.

இலக்கிய விழாக்களில் இடம் வேண்டுமானால் பல மாதம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். டர்பனில் குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் மார்ச் மாதத்தை ஒட்டி நடத்தும் டைம் ஆஃப் தி ரைட்டர், மே மாதம் ஃப்ரான்ஸ்ஹூக், செப்டம்பரில் கேப் டவுனின் ஓப்பன் புக், டிசம்பரில் சொவேட்டோவின் அபான்டு. முதல் புத்தகத்துக்கு மேடை கிடைக்காவிட்டாலும் போய்க் கேளுங்கள். கடைக்காரர்களும் பதிப்பாளர்களும் அங்கேதான் இருப்பார்கள். யுனெஸ்கோ 2017இல் இலக்கிய நகரமாக அறிவித்த ஊர் டர்பன். மாநகராட்சி நூலகங்களில் வாசிப்புக் கூட்டம் நடத்த அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கிறது.

எங்கள் வெளியீட்டு விழா கோயில் கூடத்தில். வாடகை 600 ராண்ட், சமூசாவும் டீயும் வீட்டிலிருந்து. புத்தக மேசையில் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் பணத்துக்கு, ஒருவர் கையெழுத்துக்கு வரிசை விட. வங்கி அட்டை தேய்க்கும் கருவியைக் கடன் வாங்கியாவது வையுங்கள். நாங்கள் ரொக்கம் மட்டும் என்று நினைத்திருந்தோம். ஒருவர் தன் இயந்திரத்தைக் கொடுத்து உதவினார், பாதி விற்பனை அதில்தான். அன்று மாலை 71 பிரதி. ஒரு முதியவர் நான்கு வாங்கினார், ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று.

அந்த மேசையில் விற்றால் 220ம் முழுதாகக் கைக்கு வரும். 40,500ஐ எடுக்க 185 பிரதி நேரில் விற்க வேண்டும். ஒப்படைக்கும் ஐந்தும், விமர்சனத்துக்கும் உதவியவர்களுக்கும் கொடுத்த பத்தும் போக எங்களிடம் இருந்தது அதே 185தான். அதனால் முதல் அச்சில் கடைகளுக்கு ஏழெட்டு இடத்தில் ஐந்தைந்தாகக் கொடுத்தது லாபத்துக்காக அல்ல, பெயர் தெரிய. எடிட்டிங், வடிவமைப்புச் செலவு மறுஅச்சில் கிடையாது. லாபம் அங்கேதான் தொடங்குகிறது.

11. வெளியூருக்கு அனுப்புவதும் நூலகங்களும்

தபாலை நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023இல், கடனில் மூழ்கிய நிறுவனங்களைக் காப்பாற்றும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. பெப் துணிக்கடைகளில் இருக்கும் பாக்ஸி என்ற பார்சல் சேவையின் பையில் போட்டு, வாங்குபவர் வீட்டுக்கு அருகிலுள்ள பெப் கடைக்கு அனுப்பலாம். சிறு ஊர்களுக்கும் போகும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அவசரம் என்றால் பூடோ என்ற கூரியர் லாக்கர் பெட்டி. பணம் வந்த பிறகே அனுப்புங்கள். எந்தக் கடைக் கிளை என்பதை வாங்குபவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; ஊர்ப் பெயர் ஒன்றாக இருக்கும் கிளைகள் நிறைய.

மாகாண, மாநகராட்சி நூலகங்கள் வாங்க வேண்டுமானால் அரசின் மத்திய விற்பனையாளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பதிவு இணையத்தில், இலவசம். அடையாள எண், வங்கிக் கணக்கு, வரி நிலுவை இல்லை என்பதற்கான எண் மூன்றும் தேவை. பதிவான பிறகு நூல் தேர்வுக் குழுவுக்கு ஒரு பிரதியும் விலைக் கடிதமும் அனுப்புங்கள். எங்களுக்குப் பதில் வர ஐந்து மாதம் ஆனது, ஆனால் 24 பிரதிக்கு ஆணை வந்தது. அரசுப் பணம் மெதுவாக வரும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

கடைசியாக டால்ரோவில் ஆசிரியரைப் பதிவு செய்துவிடுங்கள். கல்லூரிகளில் புத்தகப் பக்கங்களை நகலெடுத்தால் அதற்கான தொகையை வசூலித்து எழுதியவருக்குத் தரும் அமைப்பு அது. ஆன்ட்டியின் படிவத்தில் வாரிசு பெயர் கேட்கும் இடத்தில் பேத்தியின் பெயரை எழுதச் சொன்னார், எழுதினேன்.